ஒரு குப்பி அதிகம்

என் கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடிக்கக் கையை ஓங்கினேன்.

“அசையாதிய,” என்றாள் சுதா.

முப்பத்தொரு வருஷ மண வாழ்க்கையில் அந்தக் குரலை மீறி நான் அசைந்ததில்லை. கைப்பையிலிருந்து காலி மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து என் கழுத்தில் கவிழ்த்து, மூடியை மெதுவாக உள்ளே நகர்த்தினாள். கொசு டப்பாவுக்குள் போய்விட்டது.

“அதை விட்டிரு சுதா. கொசு ஆராய்ச்சி ஆபீஸ்னு கேள்விப்பட்டு வேலை கேக்க வந்திருக்கும்,” என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் சரண்யாதேவி சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலை பதினொன்றே கால்.

“மேடம், நாலு மணிக்கு நெதர்லாந்து டீமோட மீட்டிங். செல்லக்கனி மேல போலீஸ் கம்ப்ளைன்ட் லெட்டர் ரெடியா இருக்கு. மீட்டிங் முடிஞ்சதும் அனுப்பிடுவேன். அதுக்குள்ள நீங்க என்ன கண்டுபிடிக்கணுமோ கண்டுபிடிங்க.”

செல்லக்கனிதான் எங்கள் கட்சிக்காரி. அன்று காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ‘சுதா விசாரணை நிலையம்’ என்ற பலகையின் கீழே வந்து நின்றாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். சாத்தான்குளத்தில் அப்பாவின் தானியக் கடையில் வளர்ந்து, தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டு, கணவன் போனபின் கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தவள். “நான் கள்ளி இல்லக்கா. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. வேலை போனாப் போட்டும்,” என்றாள். அழவில்லை. அதனாலேயே சுதா வழக்கை எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுதா துறைமுக சுகாதாரப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். கப்பல்களிலும் கிட்டங்கிகளிலும் தேங்கும் தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஓய்வு பெற்றதும் பலகையை மாட்டினாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான் வரும். நானும் அதே துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலில் ஏறும் மூட்டையையும் இறங்கும் மூட்டையையும் கோடு போட்டு எண்ணுகிற உத்தியோகம். விசாரணை நிலையத்தில் என் பொறுப்பு ஸ்கூட்டி ஓட்டுவதும் பேசுவதும். இரண்டாவதைக் குறைக்கச் சொல்லி அடிக்கடி உத்தரவு வரும்.

“முதல்ல இருந்து சொல்லுங்கம்மா,” என்றாள் சுதா. “எனக்குப் புரியணும்கிறதை விட, இவ்வோளுக்குப் புரியணும்,” என்று என்னைக் காட்டினாள்.

சரண்யாதேவி சொன்னார். நகரங்களில் மரம் செடி வளர்த்தால் வெக்கை குறைகிறது. கொசு கூடுகிறதா? கூடினால் எந்த மாதிரிப் பசுமையில் கூடுகிறது? இதைக் கண்டுபிடிக்க நான்கு நாடுகள் சேர்ந்து நான்கு ஊர்களில் ஆராய்கின்றன. அதில் ஒன்று தூத்துக்குடி. இங்கே பத்து இடங்களில் பத்துக் கறுப்பு டப்பாக்கள், தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். கொசு வந்து முட்டையிடும். செவ்வாய்க்கிழமைதோறும் செல்லக்கனி வரிசையாகப் போய், ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை புழு என்று எண்ணி, அதை ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, துளையுள்ள சட்டத்தில் வரிசையாகச் செருகுவாள். கை இரண்டும் ஈரமாக இருக்கும் என்பதால் எழுத முடியாது. கழுத்தில் தொங்கும் போனில் சத்தமாகச் சொல்லுவாள், டப்பாவின் நம்பரையும் புழுவின் எண்ணிக்கையையும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு இங்கிலீஷில் பட்டியல் போட்டுவிடும்.

“அந்தக் குரல் பதிவு எங்க?”

“அன்னைக்கு ராத்திரியே தானா அழிஞ்சிடும். ரோட்டுல போறவங்க பேச்சும் பதிவாகுது இல்லையா, வச்சுக்கக் கூடாதுன்னு விதி. பட்டியல் மட்டும்தான் இருக்கும்.”

“குப்பியில இடத்தோட பேர் எழுதியிருக்குமா?”

“இல்ல. வெறும் கோடு கோடா பார்கோடு. பரிசோதனை பண்றவங்களுக்கு எந்த இடம்னு தெரியக்கூடாது. குப்பி வரிசையையும் பட்டியல் வரிசையையும் நாங்க பின்னால சேர்த்துப்போம்.”

“சரி. அவ செஞ்ச குத்தம் என்ன?”

சரண்யாதேவி விரலை மடக்கினார். பட்டியலில் பதினொரு வாரமாக இரண்டிலிருந்து பத்து வரைதான் இருக்கிறது. ஒன்றாம் நம்பருக்கு நேரே வெற்றிடம். ஆனால் வாரா வாரம் பத்துக் குப்பி வருகிறது. ஒன்பது இடத்துக்குக் கணக்கு, பத்துக் குப்பி. ஒரு குப்பி அதிகம்.

“ஒன்றாம் நம்பர் எங்க இருக்கு தெரியுமா? இதோ.” ஜன்னலைக் காட்டினார்.

அந்தக் கட்டடத்தின் முன்சுவர் முழுக்கத் தரையிலிருந்து இரண்டாம் மாடி வரை சின்னச் சின்னத் தொட்டிகள் மாட்டி, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் செடி வளர்த்திருந்தார்கள். ஊரில் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத கல்யாண ஜோடி கிடையாது. அந்தச் செடிச் சுவரில்தான் ஒன்றாம் டப்பா.

“ஆபீஸ் வாசல்ல இருக்கறதையே அவங்க எடுக்கல. எடுத்த மாதிரி காட்ட எங்கயோ இருந்த தண்ணிய கடைசியில ஒரு குப்பியில அடைச்சிருக்காங்க. ரெண்டாவது, அவங்க சொன்ன புழுக் கணக்கும் குப்பியில நாங்க எண்ணின கணக்கும் ஒரு வாரம்கூட ஒத்துப் போகல. மூணாவது...” தாளைத் திருப்பினார். “கம்ப்யூட்டருக்கு நம்பர்னு புரியாத பேச்சு எல்லாம் குறிப்புன்னு கடைசிக் கட்டத்துல வந்து விழும். பதினொரு வாரமும் முதல் குறிப்பு ஒண்ணுதான். ‘ப்ராஃபிட். ட்வென்டி டூ.’ அடுத்த வாரம், ‘ப்ராஃபிட். நைன்டீன்.’ அப்புறம், ‘ப்ராஃபிட். தர்ட்டி ஒன்.’ வேலைய ஆரம்பிக்கும்போதே யார்கிட்டயோ இதைப் பேசுறாங்க. யாரோ அவங்கள விலைக்கு வாங்கியிருக்காங்க மேடம்.”

“கொசுவுக்காக லஞ்சம் குடுக்கற ஆள் யாரு? கொசுவத்திக்காரனா?” என்றேன்.

“பேசாம இருக்கியளா,” என்றாள் சுதா. பிறகு சரண்யாதேவியைப் பார்த்தாள். “இப்ப ஏன் இவ்வளவு அவசரம்?”

“போன வாரக் குப்பியில டெங்குக் கிருமி இருந்தது. வரிசையில முதல் குப்பி. பட்டியல்ல முதல்ல இருக்கறது ரெண்டாம் நம்பர், ரயில் பாதை ஓரத்து அடர்காடு. நாளைக்குக் காலையில அந்தக் காட்டை வெட்டறாங்க.”

“அவ கணக்கு பூரா பொய்ங்கிய. அந்தப் பொய்க் கணக்க வச்சுக் காட்ட மட்டும் வெட்டலாமோ?”

சரண்யாதேவி சற்றுத் தடுமாறினார். “கிருமி பொய் சொல்லாது மேடம். எனக்கும் தூக்கம் போச்சு. ஆனா இது நாலு நாட்டு விஷயம். ஒரு குப்பி ஏன் அதிகம்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

அந்த அம்மாவும் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு நிலைகொள்ளாமல் இருந்தது. கெட்டவர் என்று ஒருவர் இருந்தால் நான்கு மணிக்குள் அவரைத் தேடலாம். இங்கே யாரைத் தேடுவது?

வாசலில் வாட்ச்மேன் தனராஜ் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தான். டிசம்பர்தான், ஆனாலும் உச்சி வெயில்.

“என்ன தனராஜ், ஊட்டிக்கு மாறுதல் கேட்டிருக்கியா?” என்றேன்.

“நீங்க வேற அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம இருந்து காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால வலிக்கி. மழையில நனைஞ்சது.”

சுதா அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “ஆஸ்பத்திரிக்குப் போனியா?”

“டூட்டி முடிஞ்சு போவணும்க்கா.”

“இன்னைக்கே போ. சரி, செல்லக்கனி இந்தச் செவுத்து டப்பாவ எடுத்தாளா, எடுக்கலியா?”

“எடுக்காமயா? வாரா வாரம் ஏணியப் பிடிக்கது நாந்தானக்கா. இந்த வாரம்தான் எனக்குக் கை நடுங்கிச்சு, அவளே சாத்தி ஏறினா.”

“ஏறிட்டுப் போன்ல என்ன சொன்னா?”

“லாரி போற ரோட்டுல என்னத்தக் கேக்க? என்னமோ முணுமுணுப்பா. வியாபாரிக்குப் பொறந்தவல்லா, வாய் சும்மா இருக்காது.”

சுதா மேலே பார்த்தாள், செடிச் சுவரை. பிறகு தனராஜை. பிறகு கைப்பைக்குள் இருந்த மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஸ்கூட்டியில் ஏறினாள்.

அடர்காடு என்பது பெரிய காடல்ல. இரண்டு வீட்டு மனை அளவுதான். ஆனால் நெருக்கமாக நட்டு, வேம்பும் புங்கனும் பூவரசும் ஆளுக்கு மேல் வளர்ந்திருந்தன. இரண்டு பேர் சுண்ணாம்பு வாளியோடு மரத்துக்கு மரம் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வெட்டப் போறியளா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“குறி போடச் சொன்னாவ, போடுதோம். நாளைக்கு மெஷினு வருது,” என்றார் மூத்தவர். “டெங்கு காடாமில்ல. நேத்து இங்கனதான் மத்தியானம் படுத்துத் தூங்கினோம். ஒண்ணும் கடிக்கல.”

சுதா உள்ளே போனாள். காய்ந்த இலை கணுக்கால் வரை மெத்தையாகக் கிடந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு பிளாஸ்டிக் கப், ஒரு பழைய செருப்பு. ஒவ்வொன்றையும் காலால் புரட்டினாள். கவிழ்ந்தும் ஓட்டையாகவும் காய்ந்து கிடந்தன. மழைத் தண்ணீர் முழுவதையும் இலை மெத்தை குடித்திருந்தது. கால் மணி நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்தாள். என்னை ஒரே இடத்தில் நிற்க வைத்திருந்தாள்.

“எத்தனை கடிச்சுது?”

“ஒண்ணுகூட இல்ல. என் ரத்தம் அந்த ஆபீஸ் கொசுவுக்குத்தான் பிடிச்சிருக்கு. படிச்ச கொசு.”

“நீங்க உளறினாலும் சில நேரம் ஒழுங்கா உளறுதிய,” என்றாள். பாராட்டா என்று கேட்கவில்லை. அவள் முகம் சரியில்லை.

“எனக்கு விஷயம் தெரிஞ்ச மாதிரி இருக்கு, கையில வர மாட்டேங்கு. ஒண்ணாம் நம்பர அவ எடுத்திருக்கா. எடுத்தவ ஏன் சொல்லல?”

“கேட்டுருவோம். மணி ஒண்ணரை. அவ வீட்டுல கேட்டுட்டு, அப்படியே ஏதாவது...”

“சாப்பாட்டு நெனப்புதான்.”

செல்லக்கனியின் வீடு உப்பளத்துக்குப் போகும் ரோட்டின் உள்சந்தில். ஒற்றை அறை, ஒரு தாழ்வாரம். நாங்கள் போனபோது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போவாள், வெளியே வருவாள், மறுபடி உள்ளே போவாள். பக்கத்து வீட்டு ஜன்னல்களில் ஆள் தெரிந்தது.

“ஏளா, உள்ள வா,” என்றாள் சுதா. “ஊரு பாக்கட்டும்னு நிக்கியா?”

“நேத்தே பரவிட்டுக்கா. குழாயடியில ஒருத்தி கேக்கா, கொசுவ வித்துக் காசாக்கினியாமேன்னு.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “பதினொரு வாரம். ஒரு செவ்வாக்கிழம லீவு போடல. பத்து டப்பாவும் எடுத்தேன். பத்தும் சொன்னேன். சொல்லலன்னா என் நாக்கு அழுகிப் போட்டும்.”

“ஒண்ணாம் நம்பர் சொன்னியா?”

“சொன்னேன்.”

“மெஷினுல இல்லியே.”

“மெஷினு செவிடா இருந்தா நான் என்னக்கா செய்ய?”

“ப்ராஃபிட்னு ஏதாவது சொன்னியா?”

“அப்படின்னா?”

சுதா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செல்லக்கனி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். பசித்தவன் முகம் எந்த விசாரணையிலும் ஒளிந்துகொள்ளாது.

“அண்ணாச்சி இன்னும் சாப்பிடல போலுக்கே. இருங்க, உலை வச்சிருதேன்.”

“அதெல்லாம் வேண்டாம்,” என்றாள் சுதா.

“இருக்கட்டும் சுதா. மறுத்தா மனசு நோவும்,” என்றேன் நான்.

செல்லக்கனி அரிசிப் பானையைத் திறந்தாள். உழக்கை எடுத்தாள். தலைதட்டி அளந்து சட்டியில் போட்டாள். யோசனை வேறெங்கோ இருந்தது, வாய் தன்னால் சொல்லியது.

“லாபம்... ரெண்டு... மூணு...”

சுதா எழுந்து நின்றாள்.

“என்ன சொன்ன?”

செல்லக்கனி திடுக்கிட்டாள். “மூணு உழக்கு போதும்லாக்கா?”

“சட்டியக் கவுத்திட்டு மறுபடி அள.”

“சுதா,” என்றேன், “அரிசி பாவம்.”

“நீங்க சும்மா இருங்க. அள, செல்லக்கனி.”

பயந்துபோய் அளந்தாள். லாபம். ரெண்டு. மூணு.

“டப்பாவ எண்ணும்போதும் இப்படித்தான் சொல்லுவியா?”

“வேற எப்படிச் சொல்ல? மொத அளவ ஒண்ணுன்னு சொல்லப்புடாதுல்லா. ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒத்தையிலயே நின்னுரும்னு எங்கப்பா சொல்லுவாவ. கடையில பத்து வயசுல இருந்து நான்தான் அளப்பேன். லாபம்னுதான் ஆரம்பிக்கணும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் துறைமுகத்தில் எண்ணியே பிழைத்தவன் நான். ஆனால் நான் எண்ணியதெல்லாம் கோடு போட்டு. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. வாயால் எண்ணுகிறவர்களுக்கு முதல் எண்ணின் பெயர் வேறு என்பதை என் அம்மா நெல் அளக்கும்போது கேட்டிருக்கிறேன். சுத்தமாக மறந்திருந்தேன்.

“உலைய அணைச்சுட்டு வா. போவணும்,” என்றாள் சுதா.

“அந்த வாசல்ல நான் இனி மிதிக்க மாட்டேன்க்கா.”

“மிதிக்க வேண்டாம். எண்ணு, அது போதும்.”

ஸ்கூட்டியில் மூன்று பேர். நடுவில் செல்லக்கனி, பின்னால் சுதா. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். உப்பு ஏற்றிய கூட்ஸ் வண்டி ஊர்ந்தது. சுதா இறங்கி நின்றாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன், பழக்க தோஷம். “சத்தமா எண்ணாதிய,” என்றாள். கேட் திறந்தபோது மணி மூன்று நாற்பத்தைந்து.

ஆபீஸ் வாசலில் தனராஜின் நாற்காலி இருந்தது. அவன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

மேலே சரண்யாதேவி ஏற்கனவே திரைமுன் உட்கார்ந்திருந்தார். திரையில் நரைத்த குட்டை முடியோடு ஒரு டச்சு அம்மா. மார்லீன் என்று பெயர். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

“மேடம், மீட்டிங் ஆரம்பிச்சாச்சு,” என்றார் சரண்யாதேவி.

“நல்லதாப் போச்சு. அவ்வோளும் பாக்கட்டும். ஒரு குப்பிச் சட்டமும் பத்துக் காலிக் குப்பியும் குடுங்க. அந்தப் போனையும் ஓட விடுங்க.”

சரண்யாதேவி தயங்கினார். மார்லீன் ஏதோ கேட்டார். பிறகு சட்டம் வந்தது. போனும் வந்தது.

“செல்லக்கனி, செவ்வாக்கிழமன்னு நெனச்சுக்கோ. டப்பாவ எடுத்து, எண்ணிச் சொல்லி, குப்பிய வை. புழு எத்தனைன்னு வாயில வந்ததச் சொல்லு.”

செல்லக்கனி சட்டத்தை அருகே இழுத்துக்கொண்டாள். குப்பியை எடுத்தாள். கை தானாக வேலையில் இறங்கியது. பழகின வேலை.

“லாபம். அஞ்சு,” என்றாள். செருகினாள். “ரெண்டு. எட்டு.” செருகினாள். “மூணு. நாலு.”

திரையின் ஓரத்தில் பட்டியல் தானாக நிரம்பியது. ஒன்றுக்கு நேரே வெற்றிடம். இரண்டுக்கு எட்டு. மூன்றுக்கு நான்கு. கடைசிக் கட்டத்தில், குறிப்பு: ‘ப்ராஃபிட். ஃபைவ்.’

சரண்யாதேவி நாற்காலியை விட்டு எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

“அம்மா எந்த ஊரு?” என்று கேட்டேன்.

“சென்னை.”

“அரிசி பாக்கெட்டுல வந்திருக்கும். அதான்.”

சுதா விளக்கினாள். சாத்தான்குளத்துத் தானியக் கடையில் ஒன்றுக்குப் பெயர் லாபம் என்று. சரண்யாதேவி அதை இங்கிலீஷில் மார்லீனுக்குச் சொன்னார். மார்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னும் முடியல,” என்றாள் சுதா. “அந்த மூணாவது வாரப் பட்டியல எடுங்க. குறிப்புல கிடக்க முப்பத்தொண்ண, ஒண்ணாம் நம்பருக்கு நேர எழுதுங்க. முதல் குப்பியில நீங்க எண்ணினது எத்தனை?”

சரண்யாதேவி தாளைப் பார்த்தார். “முப்பத்தொண்ணு.”

“இவ ரெண்டுக்குச் சொன்னது?”

“ஆறு.”

“ரெண்டாவது குப்பி?”

“ஆறு.”

“மூணு?”

“பதினேழு. குப்பியிலயும் பதினேழு.” அதற்குமேல் அவர் சத்தமாகப் படிக்கவில்லை. விரல் மட்டும் கீழே இறங்கியது. பத்தில் வந்து நின்றது. பத்தாவது குப்பிக்கு எதிரே பத்தாவது டப்பா இருந்தது.

“ஒரு குப்பி அதிகம் இல்லம்மா. ஒரு பேரு குறைஞ்சிருந்தது. ஒண்ணாங் குப்பிய ரெண்டாம் டப்பாவோட சேத்தீங்க. அப்புறம் எல்லாம் ஒரு படி தள்ளிப் போச்சு. கடைசிக் குப்பி அநாதையா நின்னுது.”

செல்லக்கனி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரமே இல்லாத கையை.

“அந்த லெட்டர்,” என்றேன்.

சரண்யாதேவி கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினார். “அழிச்சாச்சு சார்.” பிறகு செல்லக்கனியிடம், “அக்கா, என்னை மன்னிச்சிடுங்க,” என்றார்.

நான் வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போதுதான் திரையில் மார்லீன் மெதுவாக ஏதோ கேட்டார். சரண்யாதேவியின் முகம் வெளுத்தது.

“என்ன கேக்காவ?” என்றேன்.

பதிலை சுதா சொன்னாள். “முதல் குப்பியிலதான டெங்கு இருந்துது. முதல் குப்பி ரெண்டாம் நம்பர் இல்லன்னா, எந்த நம்பர்னு கேக்காவ.”

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். பச்சைச் சுவர் காற்றில் அசைந்தது.

சுதா மாத்திரை டப்பாவை மேசையில் வைத்தாள். கொசு உயிரோடுதான் இருந்தது. காலில் வெள்ளைப் பட்டை. “காலையில இதே நாற்காலியில வச்சு இவ்வோ கழுத்துல பிடிச்சது. காட்டுல கால் மணி நேரம் நிறுத்தி வச்சேன், ஒண்ணு வரல.” ஜன்னலைத் திறந்து, எட்டுகிற ஒரு தொட்டியைக் கழற்றினாள். அடியில் சொட்டுநீர் வடிந்து தேங்கும் தட்டு. அதில் இரண்டு விரல் தண்ணீர். தண்ணீருக்குள் நெளிந்துகொண்டிருந்தன.

“மழைத் தண்ணிய மண்ணு குடிச்சிரும். இங்க குடிக்க மண்ணு ஏது? வேலை முடிஞ்சதுன்னு நெனச்சுட்டு, தனராஜ மறந்துட்டேனே.” தொட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தனராஜ் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவில்லை. ஏணி சாத்தியிருந்த சந்தில், சுவர் நிழலில் சுருண்டு கிடந்தான். சால்வை விலகிய கையில் சிவப்புப் புள்ளிகள். தலைக்கு மேலே அந்தப் பச்சைத் தொட்டிகள் ஒவ்வொன்றாகச் சொட்டிக்கொண்டிருந்தன. செல்லக்கனி அவன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். “ஏலே தனராஜு, கண்ணத் தொற. ஏணி பிடிக்க ஆள் வேண்டாமா எனக்கு?” அவன் கண்ணைத் திறந்தான். அன்று முழுக்க நான் பேசிய எந்த வேடிக்கையும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆட்டோவைக் கூப்பிட ரோட்டுக்கு ஓடினேன்.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். சுண்ணாம்புக் குறியோடு அடர்காடு நின்றது. அடுத்த மழையில் குறியும் கரைந்தது. செடிச் சுவரின் தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு அடியில் மணல் நிரப்பினார்கள்.

செல்லக்கனி மறுபடி வேலைக்குப் போன முதல் செவ்வாய்க்கிழமை, சரண்யாதேவி தயங்கித் தயங்கிக் கேட்டாராம், இனி ஒன்று என்றே சொல்ல முடியுமா என்று.

“மாட்டேன் மேடம்,” என்றாளாம். “நான் முப்பத்தஞ்சு வருஷமா எண்ணுதேன். உங்க மெஷினுக்கு வயசு என்ன? அது படிச்சுக்கிடட்டும்.”

மெஷின் படித்துக்கொண்டது. நான்கு நாட்டுக் கம்ப்யூட்டர்களிலும் எண்களின் பட்டியலில், ஒன்றுக்குப் பக்கத்தில் லாபம் என்று ஏற்றினார்கள். மார்லீன் அதை அச்செடுத்து அனுப்பியிருந்தார். சுதா அதை வழக்குக் கோப்பில் ஒட்டி, கீழே தேதி போட்டு வைத்தாள். கோப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

சுதா போய் இந்த மார்ச்சோடு இரண்டு வருஷம். சமையலை நானே பார்த்துக்கொள்கிறேன். மத்தியானத்துக்கு ஓர் உழக்குப் போதும். தலைதட்டி அளந்து சட்டியில் போடும்போது, லாபம் என்று வாய்விட்டுச் சொல்லுகிறேன்.